நட்சத்திரத்துக்குப் பதில் சொன்னவர்

ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், பூங்காவைப் பார்ப்பார்கள், சாக்லேட்டும் தைலமும் வாங்கிக்கொண்டு மலை வளைவுகளில் வாந்தியெடுத்தபடி வீடு திரும்புவார்கள். எங்கள் பெண்கள் குழுவும் அந்தத் திட்டத்தோடுதான் வேன் பேசியது. நடுவில் ஒரு ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டுவந்து செருகியவள் நான். செருகினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சண்டை போட்டுத்தான் வாங்கினேன்.

குழு கூடுவது உதியன்குளங்கரையில் என் தையல்கடையில். எங்கள் பக்கத்தில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குழுத்தலைவியின் பேச்சும் அந்த ரகம்தான்.

“சேச்சி, அந்த டெலஸ்கோப்ப கண்டிட்டு நமக்கு எந்து கிட்டும்? அந்த நேரத்துல ஏரியில போட்டிங் போவாம்” என்றாள்.

“போட்டிங்கா? எனக்க மாப்பிள விடிஞ்சா கடலுல கெடக்குத ஆளு. எனக்கு நீ ஏரியில வள்ளம் காட்டப்போறியா?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னேன்: “எனக்க மவ அங்க வேல பாக்குதா. அன்னைக்கு வாற ஆளுங்களுக்கெல்லாம் வெளக்கிச் சொல்லப்போறது அவளாக்கும். நீங்க எல்லாரும் வந்து கேக்கணும்.”

பெருமையை ஒளித்துவைத்துப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. அடக்கமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தலைவி போட்டிங்கை விட்டுக்கொடுத்தாள். அடுத்த மூச்சில் இன்னொரு வெடியைப் போட்டேன். என் கணவரும் வருவார் என்றேன். ஆண்களைக் கூட்டிப்போவதில்லை என்பது குழுவின் சட்டம். அந்தச் சட்டத்துக்கு அன்றைக்கு ஒரு விலக்கு எழுதவேண்டியதாயிற்று.

உண்மையைச் சொன்னால், அத்தனை பேரையும் நான் கிளப்பியதே அந்த ஒரு ஆளுக்காகத்தான்.

மகள் பாறசாலைப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். தனுவச்சபுரம் கல்லூரிக்குப் பஸ்ஸில் தொங்கியபடி போனாள். திருவனந்தபுரத்தில் இயற்பியல் மேற்படிப்பு முடித்தாள். பிறகு ஒரு வருஷ வேலை என்று சொல்லிவிட்டு மலை ஏறியவளுக்கு, அந்த வருஷம் முடியும் நேரத்தில், அங்கேயே ஆராய்ச்சி மாணவியாகத் தொடர இடம் கிடைத்தது. முடிக்க ஐந்தாறு வருஷம் ஆகும். சரியாக அந்த நேரம் பார்த்து என் நாத்தனார், கணவரின் அக்கா, ஒரு வரனோடு வந்தார். கப்பலில் வேலை பார்க்கும் பையன். அடுத்த முறை கப்பல் ஏறுவதற்குள் கல்யாணம் முடியவேண்டும், பெண் படிப்பை நிறுத்திவிட்டு அவன் அம்மாவோடு ஊரில் இருக்கவேண்டும் என்றார்கள். மற்றபடி பையனைப் பற்றி ஒரு குறை சொல்வதற்கில்லை. என் எரிச்சலே அதுதான். குறை இருந்திருந்தால் வாசலோடு விரட்டியிருப்பேன்.

மகள் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுச் சேரவேண்டும். பையன் வீட்டார் அதற்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் பதில் கேட்டு நாத்தனார் வீட்டுக்கு வருகிறார்கள். மலையில் பொதுமக்களுக்குத் திறந்துகாட்டும் நாளும் அதே சனிக்கிழமைதான்.

சண்டை போட்டு வாங்குவதென்றால் எனக்கு ஒரு பொழுது போதும். மகளிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் போனில் சொன்னாள்: “நீ ஜெயிச்சுத் தருவ அம்மா, எனக்குத் தெரியும். ஆனா அப்பா மனசோட சொல்லணும். இல்லேண்ணா நான் சேரமாட்டேன்.” அவர் பிள்ளை அல்லவா, பிடிவாதத்துக்குக் குறைவிருக்குமா?

அவர் கெட்ட மனிதர் இல்லை. புரியாத ஒன்றுக்குத் தலையாட்ட அவருக்கு வராது, அவ்வளவுதான். “நீ அங்க என்னத்த மக்கா செய்யுத?” என்று அவளிடம் பலமுறை கேட்டார். “வானத்துலேருந்து ரேடியோ அலை வருதப்பா, அதப் பிடிச்சுப் படிக்கேன்” என்பாள். “ரேடியோவுக்கு இவ்வளவு படிக்கணுமா?” என்பார். இருவரும் சிரித்துக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவின் சொல்லும் லேசானதில்லை. அம்மா இறந்தபோது இவருக்கு விவரம் தெரியாத வயது. அக்காதான் மீன் வட்டிக் கூடையைச் சுமந்துகொண்டு காட்டாக்கடைச் சந்தை வரை போய் விற்றுத் தம்பிக்குச் சோறு போட்டவர். அக்கா சொல்லி இவர் மறுத்த காரியம் என்று ஒன்று எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் உண்டு, மரியாதையும் உண்டு. எந்த நேரத்தில் எது மேலே வரும் என்று எனக்கே தெரியாது.

“போய்ப் பாத்துட்டுச் சொல்லுகேன் அக்கா” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வழிநெடுக வாயே திறக்காமல் வந்தார். பின்னால் இத்தனை பெண்கள் பாட்டும் கூத்துமாக வரும்போது எந்த ஆண் வாயைத் திறப்பான்?

ஊட்டி ஊரைத் தாண்டி, உருளைக்கிழங்கு வயல்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நடுவே வேன் போய் நின்றது. கதவிலேயே சொல்லிவிட்டார்கள், எல்லோரும் கைப்பேசியை அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று. வானத்திலிருந்து வருவது அவ்வளவு மெல்லிய அலையாம். நம் கைப்பேசி அதன் காதுக்குப் பக்கத்தில் நின்று கூச்சல் போடுவதுபோல ஆகிவிடுமாம். பெண்கள் முகமெல்லாம் வாடிப்போயிற்று. செல்பி எடுக்கவே புதுச் சுடிதார் தைத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். தைத்துக் கொடுத்தது நான்தான்.

கணவர் கைப்பேசியை நீட்டும்போதே அது அடித்தது. அக்கா.

“அவங்க சாயங்காலம் வந்துருவாங்க. நீ என்ன சொல்லுத?” என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது.

“எறங்கிட்டு விளிக்கேன் அக்கா. இங்க போன அணைக்கச் சொல்லுதாங்க.”

“எல்லாம் முடிவாயாச்சுதான? நீ ஒரு வாக்கு சொன்னாப் போதும்.”

“எறங்கிட்டு விளிக்கேன்” என்று மறுபடி சொல்லிவிட்டு அணைத்தார். காவலர் ஒரு சீட்டை அவர் கையில் கொடுத்தார். அதைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தொலைநோக்கி என்றதும் எங்கள் பெண்கள் மனதில் இருந்தது ஒரு நீளக் குழாய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம், நிலா தெரியும் என்று நினைத்திருந்தார்கள். அங்கே கண்டதோ மலைச்சரிவு முழுக்க மேலிருந்து கீழ்வரை வரிசையாக நிற்கும் இரும்பு வளைவுகள். கட்டி முடிக்காத வள்ளத்தின் விலா எலும்புகளை மலைமேல் நட்டுவைத்தால் அப்படி இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லிய எஃகுக் கம்பிகள் நெருக்கமாக ஓடின. வெயில் பட்ட இடத்தில் மட்டும்தான் கம்பி இருப்பதே தெரிந்தது. அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம்.

“இதென்ன சேச்சி, பந்தல் போட வந்தவன் பாதியில போட்டுட்டுப் போனதுபோல கெடக்கு” என்றாள் தலைவி.

திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் வந்துவிட்டாள்.

கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒலிபெருக்கி, குளிரில் சிவந்த மூக்கு. ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். எங்களைப் பார்த்துக் கண்ணால் மட்டும் சிரித்தாள். அவளுக்கு முன்னால் பெரிய கூட்டம் நின்றது. பெங்களூரிலிருந்து வந்தவர்கள், கோவைக் கல்லூரி மாணவர்கள், கைக்குழந்தையோடு ஒரு வடநாட்டுக் குடும்பம், பிறகு பச்சை ஸ்வெட்டரோடு நாங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினாள். அதையே தமிழில் சொன்னாள். எங்கள் பெண்களில் சிலர் முழிப்பதைப் பார்த்து மலையாளத்திலும் சொன்னாள். சந்தையில் மூன்று பேருக்கு மூன்று பாஷையில் விலை சொல்லும் எங்கள் ஊர்க்காரியின் லாகவம் அது. ஆனால் அவள் சொன்னது விலை இல்லையே. இந்தச் சரிவு பூமி சுற்றும் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருக்கிறது, அதனால்தான் இந்த மலையைத் தேடிப்பிடித்தார்கள், வளைவுகள் எல்லாம் சேர்ந்து ஒரே போலத் திரும்பினால் வானத்தில் ஓர் இடத்தை மணிக்கணக்கில் விடாமல் பின்தொடரலாம் என்றாள். அதைக் கட்டியவர்களும் நம் நாட்டு ஆட்கள்தான் என்று சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. நானும் நிமிர்ந்தேன். பக்கத்தில் நின்ற பெங்களூர்ப் பெண்ணிடம், கேட்காமலே, “என் மகள்” என்றேன்.

அப்போது அத்தனை வளைவும் ஒன்றாக, சத்தமே இல்லாமல், மெல்லத் திரும்பத் தொடங்கின. கூட்டம் ஆவென்று பார்த்தது. பந்தல் என்று சொன்ன தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கணவர் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எடம் பாத்து வச்சிருக்கானுவ” என்றார். அன்று காலையிலிருந்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. ஆனாலும் நெற்றிச் சுருக்கம் போகவில்லை.

பிறகு எங்களை ஒரு கூடத்துக்குள் அழைத்துப்போய் நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். முன்னால் திரை, இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள், கணினிக்குப் பின்னால் மகளோடு வேலை பார்க்கும் ஓர் இளைஞர். மகள் சொன்னாள்: “இந்தத் தொலைநோக்கியில கண்ணை வச்சுப் பார்க்க முடியாது. ஆனா இதுல வர்றதைச் சத்தமா மாத்திக் கேட்கலாம். ரொம்பத் தூரத்துல இருக்கிற ஒரு நட்சத்திரத்தோட துடிப்பு. முன்னாடி பதிவு செஞ்சது. கொஞ்சம் அமைதியா இருந்தா நல்லாக் கேட்கும்.”

முதலில் இரைச்சல். கடற்கரையில் தூரத்து அலை இரைவதுபோல ஒரே சீராக ஓர் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து அது வந்தது. டப். டப். டப்.

என் பக்கத்து நாற்காலி பின்னால் சரிந்தது. கணவர் எழுந்து நின்றிருந்தார். கூடமே அதிரும்படி, கடலுக்கு மேலே விடுகிற குரலில் சொன்னார்:

“கேக்குது! கேக்குது! கேக்குது! சொல்லு மக்கா!”

கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பின்வரிசைக் கல்லூரிப் பையன்கள் முன் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். எங்கள் பெண்களும் சிரித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் நின்ற இடத்திலேயே சுற்றிப் பார்த்தார். தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. காதுவரை கறுத்துப்போனார்.

நான் சிரிக்கவில்லை. கடற்கரையில் இருந்த யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். வள்ளத்திலிருக்கும் வயர்லெஸ் செட்டின் மைக்கில் தண்ணீர் புகுந்துவிட்டால் குரல் கரைக்கு வராது. ஆனால் மைக்கின் பொத்தானை அமுக்கி அமுக்கி விட்டால் கரையிலிருக்கும் செட்டில் அந்த டப், டப் மட்டும் வரும். வாயில்லாதவன் கதவைத் தட்டுகிற தட்டு அது. கேட்டவர் யாரானாலும், எந்த வள்ளமானாலும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மூன்று தரம் ‘கேக்குது’ என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அங்கே நடுக்கடலில் இருப்பவன், தான் தட்டுவது ஒருவருக்கும் எட்டவில்லை என்று நினைத்துக் கையை விட்டுவிடுவான். நாங்கள் கரையில் குடியிருந்த காலத்தில் செட்டுக்கு முன்னால் உட்காருவது என் வேலை. ஒரு மழைநாளில் இவருடைய வள்ளத்திலிருந்தே அந்தத் தட்டு வந்தது. இஞ்சின் நின்று, மைக் நனைந்து, ஒரு பகல் முழுக்க டப், டப் மட்டும். நான் ‘கேக்குது’ சொன்னேன். தொண்டை கட்டிப்போனதும் மடியிலிருந்த மகள் மைக்கை வாங்கிச் சொன்னாள். அப்போது அவள் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. வேறு வள்ளங்கள் போய் அவரை இழுத்துவந்து சேர்க்கும்வரை இருவரும் மாறிமாறிச் சொன்னோம்.

அப்படிப்பட்ட மனிதர் அந்தச் சத்தத்துக்கு எழுந்து நிற்காமல் என்ன செய்வார்?

பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். “சிரிச்சு முடிஞ்சாச்சா? இல்ல, இன்னும் உண்டா?” என்றேன். என் குரலும் கடற்கரையில் பழகின குரல்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கணவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். “ஏட்டி, இரி. பிள்ளைக்கு மானக்கேடு” என்றார், யாருக்கும் கேட்காமல்.

உட்கார்ந்தேன். மகள் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இத்தனை பேர் முன்னால், தன்னோடு வேலை பார்ப்பவர்கள் முன்னால், இவர் யாரோ என்று அவள் அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். போயிருந்தாலும் நான் குற்றம் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். அவர் இறங்கி அக்காவுக்குப் போன் போட்டு ‘சரி’ என்றிருப்பார். இது நமக்கு ஏற்ற இடம் இல்லை என்று முடிவு கட்டியிருப்பார்.

அவள் இரண்டடி முன்னால் வந்தாள். அதுவரை பேசிய அச்சடித்த தமிழ் எங்கேயோ போயிற்று.

“இவரு எனக்க அப்பாவாக்கும்” என்றாள்.

இளைஞர் நட்சத்திரத்தின் சத்தத்தைக் குறைத்தார்.

“அப்பா கடலுக்குப் போற ஆளு. இப்ப நீங்க கேட்டது மாதிரி ஒரு சத்தம் எங்க கரையில கேட்டா, உடனே பதில் சொல்லணும். அது எங்க முறை.” பொத்தானை அமுக்குவது, மூன்று தரம் சொல்வது எல்லாவற்றையும் விளக்கினாள். ஆங்கிலத்திலும் சொன்னாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். “அப்பாவைப் பாத்துச் சிரிச்சீங்களே, நான் இங்க வந்து முதல்நாள் இதைக் கேட்டப்போ என்ன சொன்னேன் தெரியுமா? ‘கேக்குது, கேக்குது, கேக்குது’ண்ணு நானும் பெலமா சொல்லிட்டேன். கட்டுப்பாட்டு அறையில எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. இந்தா, இவருகிட்டக் கேளுங்க.”

கணினிக்குப் பின்னாலிருந்த இளைஞர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினார்.

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி வந்தது. யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பின்வரிசைப் பையன்கள்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்கள். கணவர் தலையைக் குனிந்து ஸ்வெட்டரின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். பெருமையில்தான் அழுதேன். இவளைப் பெற்றது நான்தான் என்று அந்தக் கூடத்தின் நாற்காலி நாற்காலியாகப் போய்ச் சொல்லவேண்டும்போல இருந்தது.

கூட்டம் கலைந்ததும் மகள் எங்களோடு வெளியே வந்தாள். குளிர்காற்றில் மூன்றுபேரும் கம்பிகளுக்கு எதிரே நின்றோம். அவர்தான் முதலில் பேசினார்.

“அத ஆரு மக்கா தட்டுதது?”

“யாரும் தட்டலப்பா. எரிஞ்சு தீந்துபோன ஒரு நட்சத்திரம். ரொம்ப வேகமாச் சுத்துது. ஒவ்வொரு சுத்துலயும் அதுக்க ரேடியோ அலை நம்ம பக்கம் ஒருக்கா வீசிட்டுப் போவும், கலங்கரை விளக்கு மாதிரி. அந்த வீச்சைத்தான் இங்க சத்தமா மாத்துறோம்.”

“பின்ன பதிலு சொல்லாண்டாம்?”

“வேண்டாம். சொன்னாலும் எட்டாது.”

அவர் யோசித்தார். “பதிலு சொல்லாண்டாங்குத எடத்துல நீ எதுக்கு நிக்குத?”

நான் வாயைத் திறக்கப் போனேன். மகள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

“சூரியன்லேருந்தும் ஒரு காத்து வருதப்பா. நம்ம காத்து இல்ல, இது வேற. எப்பவும் வீசும், சில நேரம் புயலாவும் வரும். தூரத்து நட்சத்திரக் கூட்டங்களுக்க ரேடியோ அலை அந்தக் காத்துக்குள்ளால வரும்போ மினுங்கும். அந்த மினுக்கத்தப் பாத்தா, காத்து எங்க நிக்குது, எவ்வளவு வேகம்ணு கணக்குப் போடலாம். அந்தக் கணக்கத்தான் நான் படிக்கப்போறேன்.”

“அந்தப் புயலு இங்க வந்தா?”

“வள்ளத்தக் கவிக்காது. ஆனா பெருசா வந்தா நீங்க வச்சிருக்குத ஜிபிஎஸ் தப்பா எடம் காட்டலாம். வயர்லெஸ் இரையலாம். செயற்கைக்கோளு கெடலாம். முன்னமே தெரிஞ்சா நல்லது. இப்ப எங்களுக்குத் தெரியுதது கொஞ்சந்தான். சரியாத் தெரிய இன்னும் எத்தனையோ பேரு இருந்து படிக்கணும்.”

ஏதோ பெரிதாகச் செய்யப்போகிறேன் என்று அவள் அடித்துவிடவில்லை. எனக்கு அது பிடித்தது. நானாக இருந்தால் நான்கு புயலை நிறுத்திக் காட்டியிருப்பேன். அவர் கம்பிகளைப் பார்த்தார், மகளின் சிவந்த மூக்கைப் பார்த்தார். ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போட்டார். சேரட்டுமா என்று மகள் கேட்கவில்லை. அடுத்த கூட்டம் காத்துக்கொண்டிருந்ததால் அதே பச்சை ஸ்வெட்டரோடு ஓடிப்போனாள்.

கதவில் சீட்டைக் கொடுத்துக் கைப்பேசியை வாங்கினோம். வேன் கிளம்பியது. பெண்களுக்கு இனி ஏரிக்கு நேரமில்லை. ஒருத்தியும் அதைப் பற்றிப் பேசவில்லை. “ஞங்ஙட கொச்சு எந்தொரு பேச்சு!” என்று தலைவி என் மகளைத் தன் பிள்ளையாக்கிக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனை அணைத்திருந்த நேரமெல்லாம் அக்கா அழைத்திருக்கிறார். கணவர் அதைப் பார்த்துவிட்டு, வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அக்காவிடம் போனில் பேசுவதென்றால் அவருக்கு உட்கார்ந்து பேச வராது, எழுந்துவிடுவார், அவ்வளவு மரியாதை. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் இறங்கி நின்றுகொண்டு அழைத்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. எந்தப் பொத்தானை அமுக்கினாரோ, அக்காவின் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

“எத்தர நேரமா விளிக்கேன்! அவங்க வந்து இருக்குதாங்க. சரிண்ணு சொல்லட்டா?”

“இல்லண்ணு சொல்லு அக்கா.”

பின்சீட்டுக்காரிகளும் ஜன்னல் பக்கம் நகர்ந்து வந்தார்கள்.

“இத ஆரு சொல்லுதா? நீயா, ஒனக்க பொண்டாட்டியா?”

வேனிலிருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. என் வாழ்நாளிலேயே முதல்தடவையாக நான் ஒரு குடும்பக் காரியத்தில் வாயைத் திறக்காமல் இருந்த ஒரு நாளில் இந்தப் பழி.

“நானாக்கும்” என்றார் அவர்.

“மலைமேல ஒத்தைக்கு நின்னு அந்தப் பிள்ள என்ன செய்யப்போவுதுண்ணு ஒனக்குத் தெரியுமா?”

“முழுக்கத் தெரியாது அக்கா. ஆனா அவ பேசும்போ அத்தர பேரும் வாயடச்சு இருந்து கேட்டாங்க. படிச்ச ஆளுங்க, வெளியூரு ஆளுங்க எல்லாரும். நம்ம குடும்பத்துல ஆரு பேச்சயாவது நாலுபேரு அப்பிடி இருந்து கேட்டதுண்டா? நீ நாயம் சொன்னா சந்தையில கேட்டானா? நான் சொன்னா ஆபீசுல கேட்டானா? எனக்க பிள்ள சொல்லுதா, கேக்குதாங்க. அத நான் நிறுத்தமாட்டேன்.”

அக்கா போனை வைத்துவிட்டார். கணவர் இருண்டுபோன திரையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குளிரில் ஸ்வெட்டரும் இல்லை. இறங்கிப்போய்ப் பக்கத்தில் நிற்கலாமா என்று எழுந்தேன். தலைவி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அவர் மகளை அழைத்தார்.

“மக்கா, திங்களாழ்ச்ச ஒப்பு போடு.”

“அப்பா…” என்ற குரல் வந்தது. பிறகு, “அத்தை என்ன சொன்னாவ?”

“அத்தைய நான் பாத்துக்கிடுதேன். நீ ஒப்பு போடு.”

இருவரும் உடனே போனை வைக்கவில்லை. அக்காவிடம் பேச எழுந்து நின்றவர், மகளிடமும் ஏறி உட்காராமல் நின்றபடியேதான் பேசினார்.